எலிக்கு நம்பிக்கை கிடையாது

(நாட்டரசன்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செவ்வாய்ப் பொங்கல் முடிந்து ஊர் இன்னும் கலையவில்லை. வெளியூர்ப் புள்ளிகள் பெட்டி கட்டுவதற்குள் சொற்பொழிவை வைத்துவிட்டால் நாற்காலி நிறையும் என்று அறக்கட்டளையார் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கு பலித்திருக்கிறது.

என் தலைப்பைக் கேட்டதும் செயலாளர் கொஞ்சம் தயங்கினார். "அண்ணே, இந்த ஊரில் கம்பனைப் பற்றிப் பேசினால்தானே பொருத்தம்?" என்றார். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் திருநாள், பங்குனி அத்தத்தன்று இங்கே கம்பன் சமாதியில் வந்து நிறைகிற ஊர் இது. அவர் கேட்டதில் தவறில்லை. "கம்பனைப் பற்றி இல்லை, கம்பத்தைப் பற்றி" என்றேன். கம்பம் என்றால் நடுக்கம். பூகம்பத்தில் இருப்பது அதுதான். வீணைக்காரர் சுரத்தை அசைத்து நிறுத்துகிற கம்பிதத்தில் இருப்பதும் அதுதான். கை கால் தானாக நடுங்குகிற நோயை ஆயுர்வேதம் கம்பவாதம் என்றது. 1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் அதே நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். உலகம் அவர் பெயரை அதற்கு வைத்துக்கொண்டது. நம் பக்கத்தில் நடுக்குவாதம் என்பார்கள்.

எனக்கு இந்த நோய் முதலில் தெரியவந்தது பாடப்புத்தகத்தில் இல்லை, சிட்டையில். என் ஐயா, அதாவது அப்பச்சியைப் பெற்றவர், பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்குக் கப்பலேறி மேலாளாகத் திரும்பியவர். திரும்பிய பிறகு வரவுசெலவு எழுத வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை. பால், விறகு, வெற்றிலை எல்லாவற்றுக்கும் நாள்தோறும் சிட்டை. அந்தச் சிட்டைகளை இரண்டாங்கட்டு அலமாரியிலிருந்து எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தபோது நான் மருத்துவக் கல்லூரி மாணவன். முதல் சிட்டையில் எழுத்து மொச்சை அளவு. நாலைந்து ஆண்டில் பயறளவு. கடைசியில் கடுகு. வரி தொடங்கும்போது ஓரளவு பெரிதாக இருக்கும், முடிவதற்குள் சுருங்கிச் சுருங்கிக் கோடாகிவிடும். கூட்டலில் மட்டும் பிழையே கிடையாது. கை நடுங்குவதற்கு முன்னாலேயே எழுத்து சிறுத்துவிடும் என்பது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. "ஐயா சிக்கனம், தாளை மிச்சம் பிடிக்கிறார்" என்று நினைத்துக்கொண்டோம்.

மூளையின் அடித்தண்டில், குறுக்கே வெட்டிப் பார்த்தால் கருப்பாகத் தெரிகிற ஒரு பட்டை இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற பொருளைச் சுரந்து மேலே அனுப்புகின்றன. அவை ஒவ்வொன்றாகச் சாகின்றன. பாதிக்கு மேல் செத்த பிறகுதான் ஆளுக்கே தெரிகிறது. டோபமின் குறைந்தால் அசைவைத் தொடங்குவது கடினமாகிறது, தசை விறைக்கிறது, சும்மா வைத்திருக்கும் கை நடுங்குகிறது.

இதைக் கண்டுபிடித்த கதையில் நம் மண்ணின் செடிகள் இரண்டு வருகின்றன. ஒன்று சர்ப்பகந்தா. அதன் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதி உலகத்துக்குச் சொன்னார். அந்த வேரிலிருந்து பிரித்த ரிசர்பின் என்ற மருந்தைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு உடல் விறைத்து நடுக்குவாதம் போலவே வந்தது. 1957இல் சுவீடனில் அர்விட் கார்ல்சன் அதே ரிசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி, அசையாமல் மூலையில் கிடந்தன. பிறகு எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தினார். கொஞ்ச நேரத்தில் காது நிமிர்ந்து ஓடத் தொடங்கிவிட்டன. 2000இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இன்றைக்கும் நடுக்குவாதத்துக்கு முதன்மையான மருந்து அந்த எல்-டோபாதான்.

இரண்டாவது செடி பூனைக்காலி. வேலியோரம் படர்ந்து, பட்டால் அரிப்பெடுக்கும் காய். அதன் விதையில் இருக்கும் எல்-டோபாவை 1937இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடத்திலிருந்து தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்து எழுதிவிட்டார்கள். கார்ல்சனின் முயல் எழுந்து ஓடியதற்கு 20 ஆண்டுகள் முன்பு. சேப்பாக்கத்தில் பிரித்தெடுத்த பொருள் எதற்கு உதவும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஒரு முயல் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

எல்-டோபா சில ஆண்டுகள் நன்றாக வேலை செய்யும். பிறகு ஒரு வேளை மாத்திரைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் உடம்பு கட்டிப்போகும். அல்லது மருந்து ஏறும் நேரத்தில் உடம்பு தானாக நெளியும். அதனால் மின்சாரத்தின் பக்கம் போனார்கள். இங்கே சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அவரும் பாலசுப்பிரமணியம், கனகா, கல்யாணராமன் ஆகியோரும் தலையில் ஒரு சட்டத்தைப் பூட்டி, நீளம் அகலம் ஆழம் அளந்து, மூளைக்குள் குறித்த புள்ளியைத் தொடும் அறுவையைச் செய்தார்கள். டி. எஸ். கனகா 1975இல் இந்தியாவில் முதன்முதலாக மூளைக்குள்ளேயே நிலையாக இருக்கும் மின்முனையைப் பொருத்தினார். பிரான்சில் கிரெனோபிளைச் சேர்ந்த பெனாபிட் ஆழ்மூளைத் தூண்டலை 1987இல் தொடங்கியதைத்தான் எல்லாப் புத்தகமும் சொல்லும். கனகாம்மாவின் பெயரை நம் பிள்ளைகளாவது தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டம் இருக்கிறதே, அதுவும் விலங்குக்குச் செய்ததுதான். 1908இல் லண்டனில் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் விலங்கின் சிறுமூளையை ஆராய அமைத்தது. மனிதத் தலைக்கு ஏற மேலும் 39 ஆண்டுகள் ஆயின.

ஆழ்மூளைத் தூண்டல் எந்த இடத்தில் செய்ய வேண்டும் என்பதையும் குரங்குதான் காட்டியது. 1990இல் அமெரிக்காவில் பெர்க்மன், விக்மன், டிலாங் மூவரும், நச்சு கொடுத்து நடுக்குவாதம் வரவழைத்த குரங்குகளில் சப்தலாமிக் கரு என்ற பருப்பளவுப் பகுதியைச் செயலிழக்கச் செய்தார்கள். குரங்குகள் அசையத் தொடங்கின. அதே புள்ளியில்தான் இன்று மனிதர்களுக்கு மின்கம்பி வைக்கிறார்கள். பலன் பெரிது. ஆனால் மண்டையில் துளை போட வேண்டும், நெஞ்சுத் தோலுக்கடியில் மின்கலம் வைக்க வேண்டும். செலவு நடுத்தரக் குடும்பத்தைச் சாய்த்துவிடும். அதனால்தான் எல்லோருக்கும் அந்த ஆசை வந்தது: கத்தி படாமல், தலைக்கு மேலிருந்தே மின்சாரம் செலுத்த முடியாதா?

இந்த ஆசைக்கு வயது அதிகம். ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் தலைவலிக்காரர் நெற்றியில் மின்திருக்கை மீனை வைக்கச் சொன்னார். அதற்கு ஏறக்குறைய 2000 ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் கால்வானியின் தவளை, அவர் மருமகன் அல்தீனியின் வேடிக்கைகள் எல்லாம் உண்டு. அவற்றைத் தாண்டி நேராக 1962க்கு வருகிறேன். லண்டனில் பைண்ட்மன், லிப்போல்ட், ரெட்ஃபெர்ன் ஆகியோர் மயக்கிய எலியின் மூளைப் புறணி மீது மிகச் சிறிய நேர்மின்னோட்டத்தை 5 முதல் 10 நிமிடம் விட்டார்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மாற்றம் மணிக்கணக்கில் நீடித்தது. அடுப்பை அணைத்த பிறகும் உலை கொதித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி. 2000இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷேயும் பவுலஸும் மனிதத் தலையில் உப்புநீரில் நனைத்த பஞ்சு வைத்து 1 மில்லியாம்ப் செலுத்தினார்கள். அசைவைக் கட்டுப்படுத்தும் புறணியின் தூண்டப்படும் தன்மை 40 சதவீதம் வரை மாறியது. உங்கள் செல்பேசிக்கு மின்னேற்றும் கருவி தருவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்சாரம்.

அத்தனை சிறியது என்ன செய்துவிடும்? நரம்பணு சும்மா இருக்கும் நிலைக்கும் அது வெடித்துச் செய்தி அனுப்பும் நிலைக்கும் நடுவே சுமார் 15 மில்லிவோல்ட் இடைவெளி. தலைக்கு மேலிருந்து போகும் இந்த மின்சாரம் அதில் அரை மில்லிவோல்ட்டைக்கூட நகர்த்தாது. தேரோட்டம் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள், உங்களுக்கு இதை விளக்குவது எளிது. தேரை இழுப்பது வடம் பிடிப்பவர்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுக்கிற ஆள் தேரை இழுப்பதே இல்லை. ஆனால் தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர் கையில். ஆழ்மூளைத் தூண்டல் வடம். இது முட்டுக்கட்டை. ஓடாத தேருக்கு முட்டுக்கட்டை போட்டுப் பயனில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மூளை தானே ஏதோ செய்துகொண்டிருக்கும்போதுதான் இந்தச் சின்ன மின்சாரத்துக்கு வேலை.

இனி எலிக்கு வருகிறேன். என் உத்தியோகத்தில் பெரும்பகுதி அதனோடு போயிற்று.

நடுக்குவாத எலியை உண்டாக்கும் முறையை 1968இல் சுவீடனின் உங்கர்ஸ்டெட் தந்தார். மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் டோபமின் அணுக்களைக் கொல்லும் ஒரு நச்சைச் சொட்டுவார்கள். அந்த எலிக்குப் பிறகு குறிப்பிட்ட மருந்தைக் கொடுத்து ஒரு கிண்ணத்தில் விட்டால் அது ஒரே பக்கமாகச் சுற்றும். செக்குமாடு தோற்றுப்போகும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுவதுதான் அளவு. சிகிச்சை கொடுத்த பிறகு சுற்று குறைந்தால் சிகிச்சை வேலை செய்கிறது என்று எழுதுவோம். எலியைச் சுழலும் உருளையில் ஏற்றி எவ்வளவு நேரம் விழாமல் நிற்கிறது என்றும் பார்ப்போம்.

நான் இதை நம்பித்தான் வேலை செய்தேன். ஆனாலும் உங்களிடம் மறைக்கக் கூடாது. மனிதனுக்கு நோய் பல பத்தாண்டுகளில் வருகிறது, எலிக்கு நாங்கள் சில நாட்களில் வரவழைக்கிறோம். இந்த எலிக்கு என் ஐயாவைப் போல ஓய்வில் கை நடுங்குவது அரிது. மருந்தைக் கொடுத்தால் சுற்றுகிறது என்பதும் மனிதனின் நோயும் ஒன்றல்ல. நாங்கள் குணப்படுத்துவது நோயை இல்லை, நோயின் பொம்மையை.

இன்னொன்றும் உண்டு. கத்தி படாத மின்தூண்டல் என்று தலைப்பில் போடுகிறோம். மனிதனுக்கு அது உண்மை. எலி பஞ்சைத் தலையில் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் சும்மா இருக்குமா? அதனால் பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, தலைத்தோலைக் கீறி, மண்டையோட்டின் மேல் சின்னக் குப்பி ஒன்றைப் பல் மருத்துவர் பயன்படுத்தும் சிமெண்டால் ஒட்டுகிறோம். அந்தக் குப்பிக்குள் உப்புநீர், அதற்குள் மின்முனை. மனிதனுக்குக் கத்தி படாமல் இருக்க எலிக்குக் கத்தி படுகிறது.

நாங்கள் முதலில் தோலின் மேலேயே வைத்துப் பார்த்தோம். முடியை மழித்து, பஞ்சு வைத்து, கட்டுப் போட்டு. ஒரு மதியம் பஞ்சு காய்ந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கருவி மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்கும்படி செய்தது. பஞ்சு காயக் காயத் தடை ஏறும், அது தன் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். கட்டைப் பிரித்தபோது தோல் வெந்திருந்தது. தவறு என்னுடையது, மாணவர் மேல் போடவில்லை. மின்முனைக்கும் ஈரத்துக்கும் நடுவே நடப்பது வேதியியல்: நேர்முனையில் அமிலம் சேரும், எதிர்முனையில் காரம். இதைக் கற்றுக்கொள்ள நான் எங்கெங்கோ போனேன். 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. மின்முனையைப் பற்றி இந்த நாட்டில் எவருக்காவது சந்தேகம் வந்தால் அவர்கள் வந்து கேட்க வேண்டிய ஊர் அது. நானோ அங்கே போகாமல் எலியின் தோலில் படித்தேன்.

வெந்த எலியைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கணக்கின் அருமை புரிந்தது. எந்த அளவுக்கு மேல் மின்சாரம் மூளையைச் சேதப்படுத்தும் என்று மனிதனிடம் சோதிக்க முடியாது. 2009இல் லீபெட்டான்ஸ் என்ற ஜெர்மானியரும் துணைவர்களும் 58 எலிகளில் சோதித்தார்கள். சேதம் தொடங்கிய இடம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 143 ஆம்பியர், அதுவும் 10 நிமிடத்துக்கு மேல். மனிதனுக்கு 35 சதுர செ.மீ. பஞ்சில் 1 மில்லியாம்ப் என்றால் சதுர மீட்டருக்கு 0.29 ஆம்பியர்தான். 500 மடங்கு தூரம். "அப்படியானால் மனிதனுக்கு ஆபத்தே இல்லை" என்று விளம்பரக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். எலியில் நல்ல பலன் கண்ட ஆய்வுகள் பலவற்றிலும் எலிக்குப் போன மின்சாரத்தின் அடர்த்தி மனிதனுக்குப் போவதைவிடப் பல மடங்கு. எலி மூளை 2 கிராம், மண்டையோடு தாள்போல். நம் மூளை 1400 கிராம், மேலே கெட்டியான எலும்பு, அதற்கு மேல் தோலும் சதையும். 2018இல் பூசாக்கியின் குழுவினர் இறந்தவர் உடலில் நேரடியாக அளந்தபோது, தலையில் வைத்த மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தோலிலும் எலும்பிலுமே கழிந்துவிட்டது. எலிக்குப் பலித்ததை மனிதனுக்குச் சொல்லும்போது, ரங்கூன் ரூபாயை ஊர் ரூபாயாக மாற்றும் வட்டக் கழிவு மாதிரி, இந்தக் கழிவையும் எழுதிக் காட்ட வேண்டும். பல கட்டுரைகளில் அந்தப் பற்றுவரியே இருக்காது.

பின்வரிசைப் பிள்ளைகள் கேட்பீர்கள்: மனிதனிடமே நேராகச் சோதித்துவிட்டால் என்ன? கூச்சம்தானே எடுக்கிறது, சாகப்போவதில்லையே?

சோதிக்கிறார்கள். 2013இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிரிட்டனும் பிரவுனும், நோயாளியின் கை நடுங்கும் தாளத்துக்கு எதிர்த்தாளமாகத் தலையில் மாறுமின்னோட்டம் கொடுத்து, ஓய்வு நடுக்கத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். அழகான வேலை. ஆனால் 2016இல் நடுக்குவாதத்துக்கான நேர்மின்னோட்டத் தூண்டல் ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு, சான்று போதாது என்று சொல்லிவிட்டது. ஏன் போதவில்லை என்பதில்தான் இந்த நோயின் குணமே இருக்கிறது.

2001இல் கனடாவின் வான்கூவரில் ஒரு ஆய்வு. நடுக்குவாத நோயாளிகளுக்கு மருந்து என்று சொல்லி வெறும் உப்புநீர் ஊசி. மூளையைப் படம் பிடித்தார்கள். வெறும் ஊசிக்கு அவர்கள் மூளை உண்மையான டோபமினைச் சுரந்தது. மற்ற நோய்களில் நம்பிக்கை வலியை மறக்கவைக்கும் என்று சொல்லிக் கடந்துவிடலாம். இந்த நோயில் நம்பிக்கை என்பதே குறைந்துபோன அந்த மருந்துதான். ஆகவே தலையில் பளபளவென்று ஒரு கருவியை மாட்டி, வெள்ளைக்கோட்டு போட்டவர் பொத்தானை அழுத்தினால், நோயாளி நன்றாக நடப்பார். மின்சாரம் நடத்தியதா, ஆசை நடத்தியதா?

என் ஐயாவின் கை கண்ணாத்தாள் சன்னிதியில் குங்குமம் வாங்க நீளும்போது நடுங்காது. அப்பத்தா அதைச் சொல்லாத நாள் கிடையாது. "அவ முன்னால போனா அவருக்கு ஒண்ணும் இல்லையடா" என்பாள். நடுக்குவாதத்தின் நடுக்கம் ஓய்வில் இருப்பது, ஒரு காரியத்துக்காகக் கையை நீட்டும்போது பெரும்பாலும் அடங்கும் என்று நான் கல்லூரியில் படித்துவிட்டு வந்திருந்தேன். அப்பத்தாளிடம் சொல்லவில்லை. வான்கூவர் ஆய்வைப் படித்த அன்று, சொல்லாமல் இருந்ததே நல்லது என்று பட்டது. அவள் சொன்னதில் பாதியை நான் படித்திருக்கவில்லை.

இதனால்தான் எலி வேண்டியிருக்கிறது. எலிக்கு நம்பிக்கை கிடையாது. கருவியின் விலை அதற்குத் தெரியாது. மகன் அமெரிக்காவிலிருந்து வாங்கி அனுப்பியது என்றும் தெரியாது. அது சுற்றுவதைக் குறைத்தால் அதற்கு ஆசை காரணமில்லை.

இப்படித்தான் நானும் வகுப்பில் பல ஆண்டு சொன்னேன். பிறகு ஒரு நாள் ஒரே காணொளியை நானும் ஒரு மாணவியும் தனித்தனியாக எண்ணினோம். எந்த எலிக்கு மின்சாரம் போனது என்று எனக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. மின்சாரம் போன எலிக்கு என் எண்ணிக்கை குறைவாக வந்தது. அரைச் சுற்றில் திரும்பிய எலியை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அவள் சேர்த்திருந்தாள். மற்ற எலிகளின் அரைச் சுற்றை நானும் சேர்த்திருந்தேன்! பொய் சொல்ல நினைத்தே பார்க்கவில்லை. என் கண் தானாகக் கழித்துவிட்டது. எலிக்கு நம்பிக்கை கிடையாது, எண்ணுகிறவனுக்கு உண்டு. 1963இலேயே அமெரிக்காவில் ரோசன்தாலும் ஃபோடும் இதைக் காட்டிவிட்டார்கள். சாதாரண எலிகளையே மாணவர்களிடம் கொடுத்து, சிலரிடம் கெட்டிக்கார எலி என்றும் சிலரிடம் மக்கு எலி என்றும் சொன்னார்கள். கெட்டிக்காரப் பட்டம் வாங்கிய எலிகள் புதிர்ப்பாதையை நன்றாகக் கற்றன. நான் படித்திருந்தேன், மற்றவர்களுக்குப் பாடமும் எடுத்திருந்தேன். அதன் பிறகு எங்கள் கூடத்தில் கருவியை மாட்டி மின்சாரம் விடாத பொய்த்தூண்டலும், எண்ணுகிறவருக்குக் கண்கட்டும் இல்லாமல் ஒரு எலியையும் எடுக்கவில்லை.

எலிக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் தோல் உண்டு என்பது அடுத்த சிக்கல். 2019இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் எலியிலும் மனிதரிலும் சோதித்து ஒரு குண்டைப் போட்டார்கள். மாறுமின்னோட்டம் மூளைக்குள் போய் வேலை செய்வதைவிட, தலைத்தோலின் நரம்புகளைச் சுரண்டி, அந்தச் சுரண்டல் வழியாகவே நடுக்கத்தின் தாளத்தை மாற்றுகிறது என்றார்கள். தோலை மரக்கச் செய்தபோது மனிதரில் விளைவு வெகுவாகக் குறைந்தது. அதற்கு மான்ட்ரியலில் இருந்து எதிர்வாதம். கிரிஸ்டோஃபர் பேக்கின் குழு குரங்குகளின் மூளையாழத்தில் ஒற்றை நரம்பணுவுக்கே காது கொடுத்துக் கேட்டு, மின்சாரத்தின் தாளத்தோடு அவை இணைவதைக் காட்டியது. தோலை மரக்கவைத்துவிட்டுப் பார்த்தபோதும் இணைந்தன. ஆக, இரண்டு வழியும் இருக்கிறது போலும். எது எவ்வளவு என்பதில் வழக்கு நடக்கிறது. என்னைக் கேட்டால் தோல் கட்சிக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்தா கொடுக்கலாம்.

எனக்கு ஆசை உள்ள இடம் வேறு. கச்சேரிக்கு முன் தம்புரா சேர்ப்பதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு தந்திகள் கிட்டத்தட்ட ஒரே சுருதிக்கு வரும்போது "வவ்... வவ்... வவ்" என்று ஒரு அலை எழும். அந்த அலை இரண்டு தந்தியிலும் இல்லை, இரண்டும் சேரும் இடத்தில்தான் பிறக்கிறது. 2017இல் எம்.ஐ.டி.யில் நிர் கிராஸ்மனும் எட் பாய்டனும் இதையே சுண்டெலி மூளையில் செய்தார்கள். ஒரு ஜோடி மின்முனையில் நொடிக்கு 2000 துடிப்பு, மறு ஜோடியில் 2010. அத்தனை வேகத் துடிப்பை நரம்பணு பொருட்படுத்தாது. இரண்டும் சந்திக்கும் ஆழத்தில் மட்டும் நொடிக்கு 10 என்ற அலை பிறக்கும், அதற்கு நரம்பணு அசையும். மேலே உள்ள புறணி தொந்தரவில்லாமல் இருக்க, அடியில் உள்ள பகுதி விழித்தது. மின்முனைகளை நகர்த்தாமல், மின்சாரத்தின் பங்கீட்டை மட்டும் மாற்றி, சுண்டெலியின் முன்னங்காலையும் மீசையையும் அசைத்தார்கள். சப்தலாமிக் கருவைக் கத்தியில்லாமல் தொட வழி இருந்தால் அது இந்த வழியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 2023இல் மனிதரிலும் மூளையாழப் பகுதிகளில் முதல் முயற்சிகள் வந்துவிட்டன. சுண்டெலியின் மண்டைக்கும் நம் மண்டைக்கும் உள்ள தூரத்தை மறந்துவிட்டு நான் இதைச் சொல்லவில்லை. கழிவு இங்கேயும் உண்டு.

எலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நாட்டில் விலங்குக்கு ஒரு சட்டம் வந்ததற்குக் காரணம் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர், தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே செய்யும் என்று நேரு வாக்குக் கொடுக்க, 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டம் ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை, ஆனால் அதன்மேல் கண்காணிப்புக் குழு ஒன்றை வைத்தது. ஒவ்வொரு எலிக்கும் நாங்கள் காரணம் எழுத வேண்டும். இத்தனை எலி ஏன், குறைத்தால் என்ன, வலி வந்தால் என்ன மருந்து. மாணவர்கள் அந்தப் படிவத்தைச் சலித்துக்கொள்வார்கள். நானும் இளவயதில் சலித்துக்கொண்டேன். தோல் வெந்த எலியைப் பற்றி அந்தப் படிவத்தில் எழுத வேண்டியிருந்தது. எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது, அது நோயினால் அல்ல.

வாசலில் நுழையும்போதே ஒரு தம்பி கேட்டார். "அப்பச்சிக்கு நடுக்கம். இணையத்தில் தலையில் மாட்டும் கருவி விற்கிறார்கள், வாங்கி அனுப்பலாமா?" அவரைப் போல இன்னும் சிலர் கேட்கக் காத்திருப்பது தெரிகிறது, சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வேண்டாம் தம்பி. நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள். நடக்கவையுங்கள். முறையான ஆய்வு ஏதாவது நடந்தால், பொய்த்தூண்டல் பிரிவில் விழவும் சம்மதித்து, அதில் சேருங்கள். கருவியை வீட்டில் மாட்டினால் அப்பச்சி நாலு நாள் நன்றாக நடக்கக்கூடும், நீங்கள் அனுப்பினீர்கள் என்பதற்காக. ஐந்தாம் நாள் பஞ்சை நனைக்க மறந்துபோகும்.

ஐயாவின் சிட்டைகளில் மூன்றைக் கொண்டுவந்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். தேநீர் குடித்த கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள், தாள் உதிர்கிறது. மூன்றாவது சிட்டைக்குப் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கிறது. அந்தக் கடைசிப் பக்கங்களில் கூட்டல் சரியாக இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.